பாராட்டுக் கடன்: ஈழத்து முற்போக்கு இலக்கியத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

சாதிக் கொடுமையை எதிர்த்து ஒரு நாவல் வருகிறது. எழுதியவர் அந்தக் கொடுமையை உடம்பால் அனுபவித்தவர். நாவல் சுமார்தான். நாற்பதாம் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. பாத்திரங்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். வெளியீட்டு விழாவில் ஆய்வுரைக்கு உங்களை அழைத்திருக்கிறார்கள். முன்வரிசையில் எழுதியவரின் தாய் இருக்கிறார். பின்வரிசையில், நாவல் சரியில்லை என்று மேடையிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாவலில் அக்கறை கிடையாது. "இவங்களுக்கு எழுத வராது" என்ற பழைய பேச்சுக்கு ஒரு சாட்சி கிடைத்தால் போதும்.

இந்த இடத்தில் என்ன பேசுவது என்ற கேள்வியைத் தமிழில் நீண்ட காலம், கூர்மையாக, விலைகொடுத்து எதிர்கொண்டவர்கள் இலங்கை எழுத்தாளர்கள். 1950களின் நடுவிலிருந்து 1970களின் முடிவு வரை, இடதுசாரி எழுத்தாளர்களின் அமைப்பான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் இருந்தவர்கள், விலகியவர்கள், வெளியே நின்று எதிர்த்தவர்கள் என்று எல்லாத் தரப்பும் எழுதி வைத்திருப்பதால், நடந்ததைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த இயக்கம் எழுத்தாளர்களைத் தாங்கிப் பிடித்தது சரி. ஆதரவையும் மதிப்பீட்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தது பிழை. அதனால் இலக்கியத்துக்கு வந்த நட்டத்தைவிடப் போராட்டத்துக்கு வந்த நட்டம் பெரிது.

கதவு அடைத்திருந்த காலம்

ஒடுக்கப்பட்டவரின் எழுத்தைப் பாராட்டியே ஆகவேண்டும் என்ற கடப்பாட்டுணர்வு எங்கிருந்து வந்தது என்பதை நியாயமாகப் பார்க்கவேண்டும். சங்கம் 1954 இல் தொடங்கியது. அன்றைய யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் தேநீர்க்கடைக்குள் போய் வாங்கில் இருந்து குடிக்க முடியாது. வெளியே நின்று போத்தலிலோ தகரப்பேணியிலோ வாங்கவேண்டும். கோயில் வீதிவரை வரலாம், உள்ளே போகமுடியாது. கிணற்றில் தானாக அள்ளமுடியாது. யாராவது வந்து வார்க்கும்வரை குடத்தோடு காத்து நிற்கவேண்டும். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அது வந்து ஒன்பது ஆண்டு கழித்தும், 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போகவேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது.

இலக்கியத்தின் வாசலும் இதே மாதிரித்தான் இருந்தது. இலவசக் கல்வியாலும் தாய்மொழிக் கல்வியாலும் கிராமங்களிலிருந்து முதல் தலைமுறை எழுத வந்தது. அவர்கள் கதையில் தாயும் தகப்பனும் வீட்டில் கதைக்கிற மொழியிலேயே கதைத்தார்கள். பண்டிதர் பக்கத்திலிருந்து அதற்கு 'இழிசனர் வழக்கு' என்று பெயர் வந்தது. மரபுப் போராட்டம் என்று இன்று நாம் சொல்லும் விவாதத்தின் சாரம் இதுதான்: கூலிக்கு வந்தவன் கதைக்கிற தமிழ் இலக்கியத்துக்குள் வரலாமா? மறுபக்கம் சந்தை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் புத்தகக் கடைகளை நிறைத்தவை சென்னை வார இதழ்கள். உள்ளூர் எழுத்தாளனுக்குப் பக்கமும் கிடையாது, படிப்பவனும் கிடையாது.

இந்த நிலையை மாற்றியது இயக்கம். மார்க்சிய விமர்சகர் க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் நாளிதழின் ஆசிரியராக இருந்தபோது உள்ளூர் எழுத்துக்கு இடம் திறந்தது. 'தேசிய இலக்கியம்', 'மண்வாசனை' என்ற குரல்கள் எழுந்தன. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1960 இல் வெளியாகி, இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. யாழ்ப்பாண நகரத்தில் சலூன் நடத்திய அவர், அதே சலூனிலிருந்து 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கி 2012 வரை கொண்டுவந்தார். கையில் கட்டுக்கட்டாக இதழை எடுத்துக்கொண்டு நடந்து விற்றவர் அவர். கலையில் உள்ளம் ஈடுபட்டவர்கள் 'பிறர் ஈனநிலை கண்டு துள்ளுவர்' என்று முடியும் பாரதியின் வரிகள் அந்த இதழின் மகுடவாசகம். கலையும் அறமும் அந்த வரியில் ஒன்றாகவே நிற்கின்றன.

இந்த ஆதரவு இல்லாமல் விட்டிருந்தால் ஒரு தலைமுறை எழுதாமலே போயிருக்கும். ஆகவே, "தகுதி இருந்தால் தானாக மேலே வரும்" என்று அன்றைக்குச் சொன்னவர்களின் வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. வாசலில் ஆள் நின்று மறிக்கும்போது எந்தத் தகுதியும் தானாக உள்ளே போகாது.

ஆதரவு பாராட்டாக மாறிய வழி

ஒரு எழுத்தாளனுக்குக் கொடுக்கக்கூடிய ஆதரவைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து பொருள் தெரியும். பிரசுரிக்கப் பக்கம். அச்சுக்கும் தாளுக்கும் காசு. கைப்பிரதியைச் செம்மைப்படுத்த ஒருவருடைய நேரம். ஊருக்கு ஊர் கொண்டுபோய் விற்க ஆள். கடைசியாக, 'இது எப்படிப்பட்ட படைப்பு' என்ற தீர்ப்பு. முதல் நான்கையும் நீதியின் பேரில் கொடுக்கலாம். மறுக்கப்பட்டவனுக்குக் கூடுதலாகவும் கொடுக்கலாம். ஐந்தாவதை அப்படிக் கொடுக்க முடியாது, ஏனென்றால் அது எழுத்தாளனுக்குச் சேரவேண்டிய பொருளே இல்லை. அது வாசகனுக்குச் சேரவேண்டியது. வாசகன் தன் காசையும் மூன்று நாள் இரவையும் எதில் செலவிடலாம் என்று தெரிந்துகொள்ள விமர்சகனிடம் வருகிறான்.

ஈழத்தில் நடந்தது என்னவென்றால், பல வேளைகளில் இந்த ஐந்தும் ஒரு சிறு வட்டத்தின் கையில் இருந்தன. பத்திரிகைப் பக்கம், நூலின் முன்னுரை, வெளியீட்டு மேடை, சஞ்சிகை மதிப்புரை, பல்கலைக்கழக விரிவுரை, பிறகு எழுதப்படும் இலக்கிய வரலாறு. யாரும் சதி செய்யவில்லை. படித்தவர்களும் வேலை செய்யக்கூடியவர்களும் அவ்வளவு பேர்தான் இருந்தார்கள். ஆனால் விளைவு ஒரு சங்கிலி. கதை பத்திரிகையில் வருகிறது. தொகுப்பாகும்போது விமர்சகர் முன்னுரை எழுதுகிறார். மேடையில் அதே முன்னுரை உரையாகிறது. சஞ்சிகை மதிப்புரை அதிலிருந்து இரண்டு வரியை எடுத்துப் போடுகிறது. பத்து ஆண்டு கழித்து வரலாற்றுக் கட்டுரை எழுதுபவர் மதிப்புரையைப் பார்த்துப் பட்டியலில் பெயரைச் சேர்க்கிறார். அந்தப் பட்டியலை மாணவன் பரீட்சைக்காகப் பாடமாக்குகிறான். இந்த ஆறு படியில் நூலை முழுதாகப் படித்தவர் ஒருவராகக்கூட இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. எந்த முன்னுரையையும் எடுத்து, படைப்பிலிருந்து எத்தனை வரி மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சமூக வரலாறு பத்துப் பக்கம், கதைச் சுருக்கம் ஒரு பக்கம், 'காத்திரமான பங்களிப்பு', 'காலத்தின் தேவை', 'முக்கியமான பதிவு' என்று முடிவில் ஒரு பந்தி. மேற்கோள் ஒரு வரிகூட இல்லை என்றால், முன்னுரை எழுதியவருக்கு எடுத்துக்காட்ட வரி கிடைக்கவில்லை என்று பொருள். நல்ல கதைக்கு முன்னுரை எழுதுபவரால் மேற்கோள் காட்டாமல் இருக்க முடியாது. கை தானாகப் போகும்.

இந்தச் சங்கிலியில் முதலில் அறுந்துபோவது செம்மையாக்கம். இதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது. ஒடுக்கப்பட்டவரின் கைப்பிரதியில் கைவைக்க ஆசிரியருக்குத் தயக்கம். வெட்டினால் குரலை நெரித்தது போலாகுமோ என்ற பயம். அதனால் மூன்று பக்கத்தில் முடியவேண்டிய காட்சி பதினொரு பக்கம் ஓடுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளையின் கைப்பிரதியைச் சிநேகிதர்கள் நாலு பேர் படித்துத் திருத்தியிருப்பார்கள். இவருக்கு அது கிடைக்கவில்லை, கைதட்டல் மட்டும் கிடைத்தது. மறுக்கப்பட்டவருக்கு இரண்டாவது தடவையும் ஒன்று மறுக்கப்படுகிறது, இந்த முறை மரியாதையோடு.

1964 அளவில் கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ சார்பு, பீக்கிங் சார்பு என்று பிளந்தபோது இந்த அளவுகோலின் இன்னொரு பலவீனமும் வெளியே வந்தது. நாவலாசிரியர் கே. டானியல் பீக்கிங் பக்கம், டொமினிக் ஜீவா மொஸ்கோ பக்கம். ஒரே மண்ணில், ஒரே அநீதியை எதிர்த்து எழுதியவர்களே அணி பிரிந்து நின்றார்கள். பாராட்டும் அணி பார்த்துப் பிரிந்தது. தீண்டாமை எதிர்ப்புக்காகக் கொடுக்கப்பட்ட பாராட்டு என்றால், அநீதி மாறாதிருக்கும்போது அதுவும் மாறாமல் இருந்திருக்கவேண்டும்.

கதைக்குள் என்ன பழுதாகிறது

நன்றாக அமைந்த ஒரு கதையை முதலில் பார்ப்போம். என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' அதே இயக்கத்தைச் சேர்ந்தவரிடமிருந்து, அதே சாதி எதிர்ப்பிலிருந்து வந்தது. அதே பெயரிலான தொகுப்பு 1962 இல் வெளியானது. மேடையில் சீர்திருத்தம் பேசுகிற ஒரு பெரியவர். அவரைத் தேடி ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். உள்ளே கூப்பிட்டு இருத்தவேண்டும். அவர் என்ன செய்கிறார்? நிலவு நன்றாக இருக்கிறது, வெளியே போய்ப் பேசலாம் என்கிறார்.

அவ்வளவுதான். அடி கிடையாது, வசை கிடையாது, கொடுமைக்காரன் என்று யாரும் கிடையாது. நிலவு என்ற அழகான பொருள் ஒரு வீட்டுக் கதவாக மாறிவிடுகிறது. இந்தக் கதையைப் படிக்கும் நல்ல மனிதர், சாதி பார்க்காதவர் என்று தன்னை நினைப்பவர், தன் வீட்டு விறாந்தையை ஒருமுறை நினைத்துக்கொள்ளாமல் பக்கத்தை மூட முடியாது. வந்தவரை எங்கே இருத்தினோம், எந்தக் கோப்பையில் தேநீர் கொடுத்தோம் என்று அவர் மனம் போகும்.

இப்போது சராசரிக் கதையை எடுத்துக்கொள்வோம். அதில் மேல்சாதிக்காரர் வெறிபிடித்தவர். வயிறு பருத்தவர், வெற்றிலை துப்புபவர், ஏழைப் பெண்மேல் கண் வைத்தவர், எல்லாக் கெட்ட குணமும் ஒன்றாய்த் திரண்டவர். எழுதியவரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பாத்திரத்தைப் படிக்கும் மேல்சாதி வாசகர் என்ன நினைப்பார்? "நான் இப்படி இல்லையே" என்று ஆறுதலடைவார். கதை யாரைச் சுடவேண்டுமோ அவரையே விட்டுவிடுகிறது. கலைப் பழுது என்று நாம் ஒதுக்கிவைப்பது இங்கே அரசியல் பழுதாகவும் ஆகிவிடுகிறது. சுமாரான எதிர்ப்புக் கதையைப் பாராட்டுவதால் நோக்கத்துக்கு நட்டம் என்று நாங்கள் சொல்வதன் காரணம் இதுவே.

மற்றப் பழுதுகளையும் சொல்லவேண்டும். கடைசிப் பந்தியில் கூலித்தொழிலாளி திடீரென்று பத்திரிகைத் தலையங்கம் போலப் பேசத் தொடங்குவார். பத்துப் பக்கமாக "எனக்கென்ன தெரியும் ஐயா" என்றிருந்தவர், ஒரு தோழரின் ஐந்து நிமிடப் பேச்சில் வரலாற்றை விளங்கிக்கொண்டு கையை உயர்த்துவார். கிழக்கு சிவக்கும். இடையில் என்ன நடந்தது? பயம் எப்படிப் போனது, வீட்டில் மனைவி என்ன சொன்னாள், நாளைக்கு வேலை தரமாட்டார்கள் என்றால் அரிசிக்கு என்ன வழி? போராட்டத்துக்குப் போனவர்கள் எல்லாரும் இந்தக் கேள்விகளைத் தாண்டித்தான் போனார்கள். கதையில் அவை இல்லாவிட்டால் அவர்களின் துணிச்சலும் இல்லாமல் போகிறது.

மொழியிலும் ஒரு கோணல். மரபுப் போராட்டத்தில் வென்றது பேச்சுவழக்கு. ஆனாலும் பல கதைகளில் ஒடுக்கப்பட்டவர் மட்டும் பேச்சுவழக்கில் பேசுவார், கதைசொல்லி எட்டநின்று செந்தமிழில் விவரிப்பார். இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியில், வெளியிலிருந்து பார்க்கும் கண் யாருடையது என்பது தெரிந்துவிடும்.

தொழில் இல்லாமையை நாங்கள் பெரிய குறையாகப் பார்க்கிறோம். சீவல் தொழிலாளியைப் பற்றிய கதை என்பார்கள். தளநார் வராது, முட்டி வராது, பாளைக்கத்தி வராது. விடியுமுன் எத்தனை பனை ஏறி இறங்கவேண்டும், மழையில் மரம் வழுக்கினால் என்ன செய்வார், கத்தி மழுங்கினால் எதில் தீட்டுவார் என்பது வராது. அவருடைய துயரம் மட்டும் வரும். ஒரு மனிதனின் திறமையைக் காட்டாமல் துயரத்தை மட்டும் காட்டினால் வாசகனுக்கு இரக்கம் வரும், மதிப்பு வராது. சமத்துவம் கேட்பவருக்கு வேண்டியது மதிப்பு.

தளையசிங்கம்

இந்தக் குறைகளை அன்றைக்கே எழுத்தில் வைத்தவர் எழுத்தாளரும் விமர்சகருமான மு. தளையசிங்கம். 1956 முதல் 1963 வரையான ஈழத்து எழுத்தை 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' என்ற நீண்ட மதிப்பீட்டில் எடைபோட்டார். அணி பார்த்துத் தூக்குவதும் அணி பார்த்து மறைப்பதும் நடக்கிறது என்றார். கட்சித் தேவைக்கு இலக்கியத்தைக் கருவியாக்கினால் அந்த இலக்கியம் கட்சியைவிடச் சிறியதாகிவிடும் என்பது அவருடைய வாதத்தின் மையம். எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரையும் 1963 அளவில் சங்கத்தோடு முறித்துக்கொண்டு, முற்போக்குக்கு மாற்றாக 'நற்போக்கு' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அவருடைய சண்டையில் தனிப்பட்ட சூடு அதிகம் இருந்ததால், சொன்ன சரியான விடயங்களும் அந்தச் சூட்டில் ஆவியாகின.

தளையசிங்கத்தை அப்படித் தள்ளிவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. முற்போக்கு விமர்சனத்தை எதிர்த்தவர் என்பதால் அவரைப் பிற்போக்குவாதி என்று சொல்வது அன்றைய வழக்கம். அவரோ 1971 இல் புங்குடுதீவில், கோயிலடி நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். பொலிசாரால் தாக்கப்பட்டார். உடல்நலம் கெட்டு 1973 இல், நாற்பது வயது ஆகுமுன்பே இறந்தார். தீண்டாமைக்கு எதிரான சராசரிக் கதைகளைப் பாராட்ட மறுத்த கை, தீண்டாமைக்கு எதிராகக் கிணற்றடியில் நின்ற கைதான். கதையைப் பாராட்டாதவர் போராட்டத்துக்கும் எதிரி என்ற கணக்கு அவரிடம் பொய்த்துப் போகிறது. எங்களைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் நடுத்தூண் இதுதான்.

அழகியல் என்ற மறைப்பு

மறுபக்கத்தின் பிழையையும் மறைக்கக்கூடாது. 'கலைத்தரம்' என்ற சொல்லைத் தூக்கிப்பிடித்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கலை ஒரு திரை. ஒடுக்கப்பட்டவரின் நாவலில் இருக்கும் பிரசாரத்தைக் கண்டு முகம் சுளித்தவர்கள், கோயில் திருவிழாவையும் குலப்பெருமையையும் பாடும் வெற்றுச் செய்யுளைக் கண்டு சுளிக்கவில்லை. அதுவும் பிரசாரம்தான், பழகிப்போன பிரசாரம் காதில் விழாது.

தமிழ்நாட்டிலிருந்து விமர்சகர் வெங்கட் சாமிநாதன் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' மீது கடுமையான தாக்குதல் எழுதினார். படைப்பின் உள்ளே போகாமல் அதன் சமூகப் பின்புலத்திலேயே நின்றுவிடுகிறார் என்ற அவரது குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. மார்க்சியப் பார்வையையே தூக்கியெறியும் வேகமும் இருந்தது. ஈழத்து விமர்சகர் எம்.ஏ. நுஃமான் 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்' நூலில் எடுத்த நிலை எங்களுக்கு அதிகம் பயன்படுகிறது. சமூக உள்ளடக்கமும் கலையும் ஒன்றையொன்று தின்னும் பகைவர்களாக இருக்கத் தேவையில்லை. இயந்திரத்தனமான மார்க்சிய விமர்சனத்தை மார்க்சியத்துக்குள் இருந்தே மறுக்கலாம் என்று அவர் காட்டினார். 1975 இல் தொடங்கிய 'அலை' சஞ்சிகையும், அ. யேசுராசாவின் பொறுப்பில், சமூக அக்கறையை விடாமலே கலைத்தரத்தைக் கேட்டது. 1980களில் போர்க்காலக் கவிதை வந்தபோது அதன் சிறந்த பகுதி இந்தக் கேள்விகளைக் கடந்து வந்தவர்களின் கையால் எழுதப்பட்டது.

டானியலை எப்படிப் படிப்பது

கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வந்தது. அவர் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். மேடையில் பேசியதையும் களத்தில் செய்ததையும் நாவலாக்கியவர். பின்னால் 'கோவிந்தன்', 'அடிமைகள்', 'கானல்' என்று தொடர்ந்து எழுதி, 1986 இல் தஞ்சாவூரில் காலமானார். 1990களில் தமிழ்நாட்டில் தலித் இலக்கியம் எழுந்தபோது அவரை முன்னோடியாகக் கொண்டாடினார்கள்.

நாவல் கட்டமைப்பு என்று பார்த்தால் 'பஞ்சமர்' சிதறிக் கிடக்கிறது. ஆட்கள் கூட்டமாக வந்து போகிறார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று தாளில் குறித்துக்கொண்டுதான் படிக்கவேண்டியிருக்கிறது. நல்லவர், கெட்டவர் கோடு தடிப்பாக விழுந்திருக்கிறது. அதே நாவலில் வேறெங்கும் கிடைக்காத பொருளும் இருக்கிறது. சாதியின் பேரில் செய்யவேண்டியிருந்த குடிமைத் தொழிலின் விதிகள், கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் யார் எங்கே நிற்கவேண்டும் என்ற ஒழுங்கு, வேளாளக் குடும்பங்களுக்குள்ளே மறைத்துவைத்த உறவுகள், பேச்சின் ஏற்ற இறக்கம். யாழ்ப்பாணச் சமூகத்தை உள்ளேயிருந்து அறிய விரும்புபவருக்கு அது தவிர்க்க முடியாத நூல்.

இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் என்ன சிக்கல்? ஒரு தரப்பு 'மகத்தான நாவல்' என்றது, இன்னொரு தரப்பு 'இது நாவலே இல்லை' என்றது. இருவருமே வாசகனுக்கு உதவவில்லை. முதலாமவரை நம்பி எடுத்தவர் ஐம்பது பக்கத்தில் களைத்து வைத்துவிடுவார். இரண்டாமவரை நம்பியவர் எடுக்கவே மாட்டார். "கதைப் பின்னலுக்காக எடுக்காதீர்கள், ஒரு சமூகத்தின் நாளாந்த விதிகளை அவற்றுக்குக் கீழே நசுங்கியவரின் கண்ணால் பார்க்க எடுங்கள், ஆட்களின் பெயரைக் குறித்துக்கொண்டு படியுங்கள்" என்று சொன்னால் அவர் கடைசிவரை படிப்பார். டானியலுக்குச் செய்யும் மரியாதை அதுதான் என்று நினைக்கிறோம்.

டானியலின் ஆதரவாளர்கள் எழுப்பும் கேள்வி ஒன்று நியாயமானது: கட்டமைப்பு, நுட்பம் என்று நீங்கள் சொல்லும் அளவுகோல் யாருடையது? அதற்கு எங்கள் பதில், எழுதியவர் தானே எடுத்துக்கொண்ட வேலையை வைத்து அளக்கலாம் என்பது. எங்கள் சனம் கதைக்கிற மாதிரி எழுதுகிறேன் என்றால், அந்தச் சனத்தில் ஒருவரிடம் உரையாடலை வாசித்துக் காட்டலாம். "நாங்கள் இப்படிக் கதைக்கமாட்டம்" என்று அவர் சொன்னால், அந்தத் தீர்ப்பை மேல்சாதி அழகியல் என்று யாரும் தள்ளமுடியாது.

இன்றைய மேடையில்

இன்றைக்கு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இதே நிலை தொடர்கிறது. நோக்கம் மட்டும் சாதி, பெண்ணுரிமை, போரின் இழப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர் என்று மாறுகிறது. ஆகவே சில நடைமுறை விடயங்கள்.

முதலில் காசுக் கணக்கு. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இலங்கையில் 300 பிரதி அச்சிட 2,40,000 ரூபா, மண்டபமும் அழைப்பிதழும் தேநீரும் 40,000 ரூபா, செலவு 2,80,000. விலை 1,000 ரூபா. விழாவில் முதற்பிரதி பெறுபவர் 25,000 கொடுக்கிறார், சிறப்புப் பிரதி பெறும் பத்துப் பேர் உறையில் 5,000 வீதம் வைக்கிறார்கள், இன்னும் 60 பேர் விலைக்கு வாங்குகிறார்கள். வரவு 1,35,000. குறை 1,45,000. கையில் மிச்சம் 229 பிரதி. கடைக்காரர் 35 வீதம் கழித்து 650 ரூபா கொடுத்தால், போட்ட முதலை எடுக்க 224 பிரதி விற்கவேண்டும். மதிப்புரைக்கும் நண்பர்களுக்கும் இலவசமாக முப்பது கொடுத்துவிட்டால் கணக்கு ஒருநாளும் நேராகாது. அதாவது கடப்பாட்டால் வாங்குபவர்கள் விழாவன்றே முடிந்துபோகிறார்கள். மீதிப் புத்தகம் முழுவதும் எழுதியவரை அறியாத வாசகர்களை நம்பி நிற்கிறது. அவர்களிடம் மேடைப் பாராட்டு போய்ச்சேராது. போய்ச்சேர்ந்தாலும், ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த நூலை வாங்கமாட்டார். பெட்டியில் மிஞ்சியது கறையானுக்குப் போகும். அந்த 40,000 ரூபாவில் பாதியைக் கைப்பிரதி செம்மையாக்கத்துக்குக் கொடுத்து, விழாவை வாசிகசாலையில் வெறும் தேநீரோடு வைப்பது மேல்.

அடுத்து, நிகழ்ச்சி நிரலில் உங்கள் இடம். நம் விழாக்களில் வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஆய்வுரை என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. இந்தப் பெயர்கள் நல்ல ஏற்பாடு, பயன்படுத்துவதில்தான் குழப்பம். நோக்கத்தை ஆதரிக்கிறீர்கள், நூலை ஆதரிக்க மனம் ஒப்பவில்லை என்றால் வாழ்த்துரை கேளுங்கள். அல்லது மேடையை விட்டுவிட்டுப் பத்துப் பிரதி வாங்கி வாசிகசாலைகளுக்குக் கொடுங்கள். ஆய்வுரைக்கு ஒப்புக்கொண்டு நயப்புரை பேசுவது அந்தத் தாய்க்கும் நல்லதில்லை. மகனின் அடுத்த நூல் இதைவிட மேலாக வராது.

ஆய்வுரை என்று ஒப்புக்கொண்டால் நூலை இரண்டு தடவை படிக்கவேண்டும். முதல் தடவை பென்சில் இல்லாமல். இரண்டாம் தடவை மூன்று விடயத்துக்கு மட்டும் விளிம்பில் குறி: அடுத்து நடப்பது முன்பே தெரிந்துவிட்ட இடம், பாத்திரத்தின் வாயில் எழுத்தாளரின் குரல் கேட்ட இடம், இதற்குமுன் யாரும் காட்டாத ஒன்றைப் பார்த்த இடம். மூன்றாவது குறி விழாத நூல் மிக அரிது. பேச்சு இருபது நிமிடம் என்றால் நோக்கத்தைப் பற்றி நாலு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வந்திருப்பவர்களுக்கு அது தெரியும். மிச்ச நேரம் பக்க எண்ணோடு பேசவேண்டும்.

பின்வரிசைக்காரரைப் பற்றிய பயம் உண்மையானது. அதற்கு வழி பழுதை மறைப்பதில் இல்லை, அதைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. பழுதான பந்தியை வாசித்துக் காட்டும்போது, அதே நூலிலிருந்து நன்றாக வந்த பந்தியைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். "87 ஆம் பக்கத்தை எழுதத் தெரிந்தவர் 112 ஐ இப்படி விட்டிருக்கக்கூடாது" என்ற சொல்லை யாரும் எடுத்து, 'இவங்களுக்கு எழுத வராது' என்பதற்குச் சாட்சியாக்க முடியாது. எழுதத் தெரியும் என்ற சாட்சி அதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று: இதே அளவுகோலை ஊரின் பெரிய மனிதர்களின் நூல்களுக்கும் நீங்கள் பிடித்திருக்கவேண்டும். ஓய்வுபெற்ற அதிபரின் கவிதைத் தொகுப்பைப் போன மாதம் வானளாவப் புகழ்ந்தவர், இந்த மாதம் ஒடுக்கப்பட்டவரின் நாவலில் கட்டமைப்புக் குறை காணவந்தால் கூட்டம் அவரை நம்பாது, நம்பவும் கூடாது.

சொல்லவேண்டியதை எழுதியவருக்கு முன்பே சொல்லிவிடவேண்டும். கைப்பிரதி நிலையில் மூன்று மாதம் முன்னால் கேட்டு வாங்கிப் படிக்க முடிந்தால் நல்லது. மாற்ற அவருக்குக் காலம் இருக்கும். முடியாவிட்டால் விழாவுக்கு முந்தின நாளாவது போய், மேடையில் என்ன சொல்லப்போகிறேன் என்று நேரில் சொல்லவேண்டும். சின்னத் திருத்தங்களை மேடையில் வாசிக்கத் தேவையில்லை. வரிசையாக, பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதி, கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர் கையில் கொடுக்கலாம். இரண்டாம் பதிப்புக்கு அந்தத் தாள் அவருக்குத் தேவைப்படும்.